அண்ணாவி கை மணல்

ராயகிரி என்னும் எங்கள் பேரூர், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே, மேற்குத் திசை முழுவதையும் மலைத்தொடர் அடைத்துக்கொண்டு நிற்க, அந்த மலையினின்று இறங்கும் நீரைக் குளங்களில் தேக்கிப் பயிரிட்டுப் பிழைக்கும் குடிகளின் ஊர். வெகுகாலம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. இந்தப் பக்கத்துச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் சிவகிரிப் பாளையத்தைப் பற்றியும், நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் கோட்டை கட்டிக் கும்பினிப் படையை எதிர்த்ததைப் பற்றியும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். வாளும் வேலும் ஏந்தியவர்களுக்குக் கிடைத்த அந்தப் பாக்கியம், அதே ஊர்களில் திண்ணைமேல் அமர்ந்து பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் இழுத்தவர்களுக்குக் கிட்டவில்லை. நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பின் அந்த ஸ்தானத்துக்கு வந்தவர்களைப் பற்றியுமே. புதிய சாதனம் ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அது என்ன ஆகும் என்பதை, அதைச் செய்தவனைக் காட்டிலும், அனுப்பிய சர்க்காரைக் காட்டிலும், அதைக் கையில் வாங்கிக்கொண்ட உபாத்தியாயர் எதைக் கல்வி என்று மனத்தில் கொண்டிருந்தார் என்பதே தீர்மானித்து வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தச் சீமையில் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு அண்ணாவி என்று பெயர். ஈழத்து மட்டக்களப்பிலே கூத்துப் பழக்கும் ஆசானை இன்றும் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள். ஆட்டம் பழக்குபவருக்கும் எழுத்துப் பழக்குபவருக்கும் ஒரே பெயர் வாய்த்ததைத் தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. இரண்டும் உடம்பில் ஏறவேண்டிய வித்தைகள்; எழுதி வைத்துக்கொண்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இரண்டிலும் செல்லாது.

அண்ணாவியிடம் இருந்த உபகரணங்கள் மணல், பனையோலை, எழுத்தாணி, பிரம்பு என்று விரல்விட்டு எண்ணி முடித்துவிடலாம். விஜயதசமியன்று ஆனா ஆவன்னா தொடங்கிய பிள்ளை, பல மாதங்கள் தரையிலே பரப்பிய மணலில்தான் விரலால் எழுதிப் பழகவேண்டும். கை திருந்தி, எழுத்தின் சுழிவும் வளைவும் கண்ணை மூடிக்கொண்டாலும் வரும் என்ற நிலை வந்த பிறகே ஓலை கைக்கு வரும். பனங்குருத்தைச் சீவி, பதப்படுத்தி, உலர்த்தி, துளையிட்டுக் கயிறு கோத்த சுவடியில், அண்ணாவியோ மூத்த மாணாக்கனோ முதலில் எழுதிக் கொடுப்பர். எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கோவையிலைச் சாற்றையும் விளக்குக் கரியையும் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கருமை தங்கி எழுத்து எழுந்து நிற்கும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஒருபக்கம். எண்சுவடி, குழிமாற்று, நெல்லிலக்கம் ஒருபக்கம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பையன் எழுந்து நின்று முதலடி சொல்ல, மற்றவர்கள் அனைவரும் கூடிச் சொல்லும் முறை நடக்கும். அந்தச் சத்தம் தெருமுனைவரை கேட்டால்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்று ஊரார் நம்புவார்கள்.

ஓலையும் எழுத்தாணியும் கைவசம் இருக்க, எல்லாவற்றையும் மனப்பாடமாகவே சொல்லவேண்டும் என்று அண்ணாவி ஏன் பிடிவாதமாக இருந்தார் என்பதை இக்காலத்தார் பெரும்பாலும் அறியாமை என்றே கருதிவிடுகிறார்கள். அறுவடைக் களத்தில் அம்பாரமாகக் குவிந்த நெல்லை மரக்காலால் அளந்து, வாரமும் தீர்வையும் கூலியும் பிரிக்கும் சமயத்தில், சுவடியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பவனை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏமாற்றிவிடலாம். ஒன்றில் 320-இல் ஒரு பங்கான முந்திரியையும், 80-இல் ஒரு பங்கான காணியையும், 20-இல் ஒரு பங்கான மாவையும் வாயாலேயே கூட்டிக் கழிக்கத் தெரிந்தவனே அங்கே பிழைப்பான். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழி அந்தக் களத்து மேட்டில் பிறந்திருக்கவேண்டும். ஓலையில் உள்ளது ஓலையின் சொத்து, கரையான் அரித்தால் போயிற்று. நெஞ்சில் உள்ளதே பிள்ளையின் சொத்து என்பது அண்ணாவியின் சித்தாந்தம். ஆகவே, ஓலை அவருக்குப் பிள்ளையின் நினைவைத் திருத்துவதற்கு வைத்திருந்த ஒரு தராசு. அறிவைச் சேமிக்கும் பெட்டியாக அதை அவர் கருதியதே இல்லை.

இதைச் சொல்லும்போதே, திண்ணைக்குக் கீழே நின்றவர்களையும் சொல்லிவிடவேண்டும். சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டு, 1826-இல் தம் குறிப்பைப் பதிவு செய்தார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர், ஆயிரம் பேர் கொண்ட ஜனத்தொகைக்கு ஒரு பள்ளி வீதம் என்று அந்தக் கணக்கு சொல்லியது. அக்காலத்து ஐரோப்பிய தேசங்கள் சிலவற்றுக்கு இது தாழ்ந்ததன்று என்று காந்தியவாதியான தரம்பால் பிற்காலத்தில் எடுத்துக்காட்டி நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வழி செய்தார். ஆனால் அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தாம். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் பெரும்பாலான ஊர்களில் திண்ணையை அணுகவே முடியாது. மணல் எல்லோருக்கும் பொதுவான பொருள். ஆற்றில் அள்ளினால் காசு கேட்பாரில்லை. அந்த மணலையும் ஒரு சாராருக்கே உரியதாக்கி வைத்திருந்தது அண்ணாவியின் மனத்தில் இருந்த மதிப்பீடுதான். சாதனம் மலிவாக இருந்துவிட்டால் சமத்துவம் தானே வந்துவிடும் என்று இன்று பேசுவோர் இந்த மணலைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது.

மணலைப் பற்றிப் பேசுகையில், அது கடல் கடந்த கதையையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்து தேசத்தவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென்று கும்பினியார் நடத்திய விடுதிப் பள்ளியை மேற்பார்த்து வந்தார். ஒருநாள் காலைச் சவாரி செய்துவரும் வழியில், தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டார். காகிதமும் மையும் விலைகொடுத்து வாங்கி மாளாத அவருக்கு அது பெரிய புதையலாகத் தோன்றிற்று. பள்ளிக்குத் திரும்பியதும் தம் உபாத்தியாயர்களை அழைத்து, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்தை இவ்வாறே மணலில் கற்பிக்கச் சொன்னார். உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. இது நடவாத காரியம் என்று அவர்கள் கைவிரித்ததாகத் தெரிகிறது.

உபாத்தியாயர்கள் எதை எண்ணி மறுத்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாக நாம் கேட்க வாய்ப்பில்லை; பெல் எழுதி வைத்த பக்கமே நமக்குக் கிடைத்திருக்கிறது. மேலதிகாரி எழுதிய சரித்திரத்தில் மறுத்த ஊழியன் சோம்பேறியாகவே தோன்றுவான். காகிதமும் மையும் பேனாவும் கொண்டு எழுதுவதே வெள்ளைக்காரப் படிப்பின் அந்தஸ்து என்று நினைத்திருந்தவர்களுக்கு, தெருவோரத்துத் திண்ணை வழக்கத்தைத் தம் பள்ளிக்குள் கொண்டுவருவது தம்மைத் தாமே இறக்கிக்கொள்வதாகப் பட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. எவ்வாறாயினும், பெல் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கீழ்வகுப்புக்கு நீயே உபாத்தியாயன் என்று அமர்த்தினார். சிறுவன் செய்து காட்டிவிட்டான். அதன்பின் பள்ளி முழுவதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் எக்காலத்தும் இருந்து வந்தவன்தானே! பெல் 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, அது சென்னை முறை என்ற பெயரோடே இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

சீமைக்குப் போன மணலும் சட்டாம்பிள்ளையும் அங்கே என்ன ஆயினர் என்பது இன்னும் விசேஷமானது. குவேக்கர் மதத்தவரான ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் 1798-இல் பள்ளி தொடங்கி ஏறத்தாழ இதே முறையைக் கைக்கொண்டார். மணற்பலகையும் ஒன்று, சட்டாம்பிள்ளையும் ஒன்று. ஆயினும் லங்காஸ்டர் எந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்கும் பொதுவாகக் கற்பிக்க விரும்பினார். பெல்லோ ஆங்கிலிகன் சபையின் வினாவிடை நூலைப் பள்ளியின் நடுநாயகமாக வைத்தார். அதுமட்டுமன்று, ஏழைப் பிள்ளைகளின் மனத்தை அவர்கள் பிறந்த நிலைக்கு மேலே உயர்த்திவிடும் ஆபத்து இருக்கிறதென்றும், அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் விரிவாகக் கற்பிக்கவேண்டியதில்லை என்றும் பொருள்பட அவர் எழுதியும் இருக்கிறார். நெல்லளக்கத் தெரியவேண்டும் என்பதற்காக அண்ணாவி பரப்பிய மணல், நெல்லை அளப்பவனை அவன் இடத்திலேயே நிறுத்திவைக்கும் மணலாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

திருநெல்வேலிச் சீமைக்குள் அச்சுப் புத்தகம் கொண்டு கற்பிக்கும் பள்ளிகள் பெருகியது, 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியரான ரேனியஸ் ஐயரின் காலத்தில். வேத புத்தகத்தைப் படிப்பதற்கு எழுத்து வேண்டும் என்பது மிஷனரிகளின் நோக்கம். ஆதலால், மனப்பாடத்தை முதன்மையாகக் கொண்ட அண்ணாவியின் வழி அவர்களுக்குப் போதவில்லை. கண்ணால் படித்துப் பொருள் உணரும் வாசிப்பு அவர்களுக்கு அவசியமாயிற்று. ரேனியஸ் பூமிசாஸ்திரம் என்றொரு தமிழ் நூலையே 1832-இல் வெளியிட்டார். திண்ணையை அணுக முடியாதவர்களின் பிள்ளைகளும், பெண்பிள்ளைகளும் எழுத்தறியத் தொடங்கியது இந்தப் பள்ளிகளால் என்பதை அவர்களுடைய மதக்கொள்கையை ஏற்காதவனும் ஒப்புக்கொண்டேயாகவேண்டும்.

ஆனால் அதே அச்சு, இன்னொரு உபாத்தியாயர் கையில் நேர் எதிரான காரியத்தைச் செய்தது. யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரிடம் இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்து, மிஷன் பள்ளி நடக்கும் ஒழுங்கையெல்லாம் உள்ளிருந்தே பார்த்தவர். வகுப்பு வகுப்பாகப் பிரித்தல், படிப்படியாகக் கடினமாகும் பாடநூல், மணியடித்து வேளை பகுத்தல் ஆகிய யாவும் பாதிரிகளுக்கே சொந்தம் என்று அவர் ஒதுக்கவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மறு ஆண்டே சென்னைக்குப் போய் அச்சுயந்திரம் வாங்கிவந்து, பாலபாடங்களை வரிசையாக வெளியிட்டார். வினாவிடை என்ற வடிவத்தைக்கூட எதிராளியிடமிருந்து எடுத்துச் சைவ வினாவிடை ஆக்கினார். யந்திரத்தை வெறுத்துக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்த வித்துவான்களைக் காட்டிலும், தம் மதத்தின்மேல் அழுத்தமான பற்றுடைய இவரே யந்திரத்தை எல்லோருக்கும் முன்னால் பற்றிக்கொண்டார். கொள்கை உறுதி உடையவர்கள் புதுமைக்குப் பகைவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாவலர் சரித்திரம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. தம் பள்ளியில் சேரும் பிள்ளைகள் விஷயத்தில் சாதி ஆசாரத்தை அவர் கைவிடவில்லை என்பதும் அந்தச் சரித்திரத்தின் பகுதியே. அச்சு அவருடைய சமயத்தை வேகமாகப் பரப்பிற்று. அவருடைய வரம்பை விரிவாக்கவில்லை.

பழைய சாதனத்தை விடும் விதத்திலும் மனிதர்களின் மதிப்பீடு தெரியும். எங்கள் ஊருக்குக் கிழக்கே, பலகாத தூரம் என்று சொல்லமுடியாத அளவில், கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. வரகுணராம பாண்டியர் தொகுத்து வைத்திருந்த ஏட்டுச் சுவடிகள் அங்கே கோயிலைச் சேர்ந்திருப்பதாக அறிந்து, உ. வே. சாமிநாதையர் தேடிக்கொண்டு வந்தார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறிதல் ஆகாது, நெய்யில் தோய்த்து அக்கினியில் இடவேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறதென்றும், அவ்வாறே செய்துவிட்டதென்றும் கோயிலார் அவரிடம் சொன்னார்களாம். அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கும் இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆயினும் சற்றே ஆறியபின் யோசித்தால், ஏடு அவர்களுக்கு ஒரு தெய்வ உடம்பு. உயிர் போனபின் அதற்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்தார்கள். சாமிநாதையருக்கோ ஏடு ஒரு குரல். அது அடங்குமுன் அச்சில் ஏற்றிவிடவேண்டும். தாமும் திண்ணைப் பள்ளியில் படித்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாய்மொழியாகப் பாடிச்செல்ல மாணாக்கர் ஓலையில் எழுதும் காட்சியைக் கண்டு வளர்ந்தவர்தாம் அவர். கும்பகோணம் காலேஜில் உபாத்தியாயராக இருந்துகொண்டே 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டார். ஓலையின்மேல் மதிப்பில்லாதவர் எவரும் அந்தப் பாடுபட்டிருக்கமாட்டார்.

ஸ்லேட்டும் கரும்பலகையும் வந்த கதையை நீட்டவேண்டியதில்லை. மணலில் எழுதியது காற்றோடு போனது. ஸ்லேட்டில் எழுதியது எச்சிலோடு போனது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று விளையாட்டாகச் சொல்லலாம். ஆனால் கரும்பலகை ஒரு காரியம் செய்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசையை நோக்கித் திரும்பினார்கள். உபாத்தியாயர் அவர்களுக்கு எதிரே நின்றார். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு சுவடியோடு வெவ்வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தது போய், நாற்பது பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமை மாலைகளில் கரும்பலகைக்குக் கருமையேற்ற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேலியில் பறித்துவந்து கரியோடு அரைத்துத் தேய்த்தது அதே கோவையிலையைத்தான். ஓலைக்கு உதவிய கொடி பலகைக்கும் உதவிற்று. கரும்பலகைகூட இல்லாத தொடக்கப் பள்ளிகள் நாட்டில் எத்தனையோ இருந்தன என்பது, 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அதைக் கொடுப்பதற்கென்றே கரும்பலகைத் திட்டம் என்று ஒன்றைச் சர்க்கார் தொடங்கவேண்டியிருந்ததிலிருந்து விளங்கும்.

1913-இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன், தாம் செய்த சலனப்படக் கருவியை வைத்துக்கொண்டு, இன்னும் சில ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகமே வேண்டியிராது என்று பேசினார். லாரி கியூபன் என்ற கல்வி வரலாற்றாசிரியர், சலனப்படம், ரேடியோ, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றும் இப்படியே ஆரவாரத்தோடு வந்து, ஆசிரியரின் அன்றாட வேலைக்கு ஒவ்வாமல் ஓரத்தில் ஒதுங்கியதை 1986-இல் ஒரு நூலாகவே எழுதினார். நம்மிடையே சென்னை நகரசபை 1930-இல் வானொலி தொடங்கியபோதே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இசையும் கதையும் ஒலிபரப்பியதுண்டு. திருநெல்வேலியில் வானொலி நிலையம் 1963-இல் வந்தபின், எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் பள்ளி ஒலிபரப்பு எட்டிற்று. நான் அறிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த ரேடியோப் பெட்டி தலைமையாசிரியர் அலமாரிக்குள் பூட்டியே கிடந்தது. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்பது அவர் பயம். அரசாங்கச் சொத்தைக் காப்பது அவருக்குத் தர்மம். அவரை நான் பரிகசிக்கமாட்டேன். வாங்கிய பொருளுக்குக் கணக்குக் காட்டவேண்டிய பொறுப்பை அவர்மேல் சுமத்தியவர்கள், அதைக் கேட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

காதுக்கு இருந்த மதிப்பு இந்தச் சீமையில் சாதாரணமானதன்று. குற்றாலத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு பாட்டைப் பாட்டென்று ஏற்காதவர். வாய்விட்டுச் சொல்லிக் காதால் கேட்டுப் பார்த்து, தாளம் தவறுமானால் கம்பனுடையதே என்றாலும் தள்ளிவிடுவார். பண்டிதர்கள் அவரோடு சண்டையிட்டது நியாயமே. ஆயினும் தமிழ்ச் செய்யுளைப் பரீட்சைக்குரிய பொருளாகப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ வாத்தியார்கள், அவர் பேச்சைக் கேட்டபின் வகுப்பில் பாட்டைப் பாட்டாகவே சொல்லத் தொடங்கினார்கள். புத்தகம் அதே புத்தகம்தான்.

இந்த நூற்றாண்டில் எங்கள் தொடக்கப் பள்ளிகளைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது கணிப்பொறி என்று பலரும் நினைக்கக்கூடும். எனக்குத் தெரிந்தவரை அதைச் செய்தது அட்டை. ஆந்திர தேசத்து ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்று வகுத்த ஒரு முறையைப் பார்த்துவந்து, சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-2008 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பாடமெல்லாம் சிறுசிறு அட்டைகளாயின. அட்டைகள் ஏணிப் படிகளாக வரிசைப்பட்டன. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் தான் நிற்கலாம். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை தீட்டினார்கள். தலைக்குமேல் கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததை அதில் தொங்கவிட்டார்கள். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளையே குறித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் பாயில் உட்காரவேண்டும். இங்கேதான் தகராறு. அண்ணாவி தரையில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதும், ஒரே திண்ணையில் வெவ்வேறு பிள்ளை வெவ்வேறு பாடம் படித்ததும், முன்னே போனவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நம் பழைய வழக்கமே என்பதும் நூறு ஆண்டுகளில் மறந்துபோயிருந்தன. மேசையும் நாற்காலியும் உத்தியோகத்தின் அடையாளமாகிவிட்டன. பாட்டன் காலத்தில் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்க விடப்படாத குடும்பத்திலிருந்து படித்து வந்து அந்த நாற்காலியில் அமர்ந்த ஒருவரிடம், எழுந்து தரையில் உட்கார் என்று சொல்வது வெறும் கற்பித்தல் முறையைப் பற்றிய உத்தரவாக அவர் காதில் விழாது. இதை மேலிருந்து திட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்பது எனக்குச் சந்தேகமே. மறுபுறம், பிள்ளையின் பயத்தைப் போக்குவதே முதற்காரியம் என்று முன்பே நம்பிக்கொண்டிருந்த ஆசிரியைகள் பலர், அட்டை வருவதற்காகவே காத்திருந்தவர்களைப்போல அதை எடுத்துக்கொண்டார்கள். நடுவே இருந்தவர்கள், வட்டார வள மையத்திலிருந்து ஆள் வரும் நாளில் அட்டைகளை விரித்து, மற்ற நாட்களில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, உரத்த குரலில் வாய்ப்பாடு சொல்லவைத்தார்கள். ‘சத்தமே கேக்கலியே, சார்வாள் பாடம் நடத்துதாரா இல்லியா?’ என்று கேட்கும் பெற்றோருக்கும் அவர்கள் பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்தக் கேள்வி அண்ணாவி காலத்துக் கேள்விதான்.

எங்கள் மாவட்டத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மலையாளப் பள்ளிக்கூடம். அங்கே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்தபோது, பாடத்திட்டம் ஒரே அந்நியக் கும்பினியின் மென்பொருளை ஒட்டி அமைவதை ஆசிரியர் சங்கத்தார் ஆட்சேபித்தனர். அறிவு ஒருவன் பூட்டிவைக்கும் சரக்கன்று என்பது அவர்களுடைய அரசியல். அந்த ஆட்சேபத்துக்குப் பிறகே கேரளப் பள்ளிகள் யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. இப்பக்கத்தில் 2011 முதல் மேனிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினியைச் சர்க்கார் இலவசமாகவே கொடுத்தது; அதனுள் எது இருக்கவேண்டும் என்று நம் ஆசிரியர்களை யாரும் கேட்டதாக நான் அறியேன்.

2018-இல் வந்த புதிய பாடநூல்களின் பக்க ஓரங்களில் கறுப்புக் கட்டங்கள் அச்சாயின. கைபேசியைக் காட்டினால் படமும் பேச்சும் வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த மார்ச்சில் கொள்ளைநோய் வந்து பள்ளிகளை மூடியபோது, அதுவரை வகுப்பில் கைபேசியை அபசாரமாக நினைத்தவர்களும் அதைக் கையில் எடுத்தேயாகவேண்டியதாயிற்று. வாட்ஸப்பில் பாடத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தவர்களும் உண்டு. அனுப்பிய பாடம் யார் வீட்டில் கேட்கப்பட்டது, யார் வீட்டில் கைபேசியை அப்பன் வேலைக்கு எடுத்துப்போய்விட்டான் என்று தெருத்தெருவாக விசாரித்து, மரத்தடியிலும் கோயில் முற்றத்திலும் நாலைந்து பிள்ளைகளைத் தள்ளித்தள்ளி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களும் தமிழ்நாடெங்கும் உண்டு. இரு சாராரிடமும் இருந்தது அதே கைபேசி. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று சர்க்கார் தொடங்கியது, இரண்டாம் சாரார் முன்பே செய்துகொண்டிருந்த காரியத்துக்குத்தான் ஒரு பெயர் வைத்தது.

இப்போது விஜயதசமியன்று அரசுப் பள்ளிகளிலும் சேர்க்கை நடக்கிறது. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, ஆள்காட்டி விரலைப் பிடித்து ஆனா எழுதவைக்கிறார்கள். மணல் அரிசியாயிற்று. பிள்ளை அழுகிறது, தாய்மாமன் கைபேசியில் படம் பிடிக்கிறான். டீச்சர் அரிசியைத் தட்டிவிட்டு எழுந்து, பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் ஏற்றுவதற்காகத் தம் கைபேசியை எடுத்து, மலைப்பக்கம் திரும்பி ஒருமுறை, குளத்துப்பக்கம் திரும்பி ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்; பிறகு, சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கு நடக்கிறார். பிள்ளை அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டு, தாம்பாளத்தில் தன் விருப்பம்போல் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கிறது.